காது மெஷினுக்கு ஒரு தனி போர்ஷன்

எங்க தொழில்ல, செத்துப்போன கம்ப்யூட்டரக் கொண்டு வர்றவங்க ரெண்டு வார்த்தையில முடிச்சுடுவாங்க. சாகப்போற கம்ப்யூட்டர ஆட்டோவுல மடியில வெச்சுக் கொண்டு வர்றவங்கதான் உக்காந்து கதை சொல்லுவாங்க. ரிப்பேர் கடை வெச்சிருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். நீங்களும் அப்படி உக்காந்து கதை பேசுற ஜாதிதான்னா ஒரு டீ சொல்லிட்டு உக்காருங்க. நானும் ஒரு விஷயத்த ஆரம்பிச்சா ஊரெல்லாம் சுத்திட்டுதான் வருவேன்.

கரையான்சாவடி மெயின் ரோட்டுல, பேன்சி ஸ்டோருக்கு மேல மாடியில என் கடை. அதுக்கு முன்னாடி அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில, கம்ப்யூட்டர் செக்ஷன்ல, ரிட்டையர் ஆகுற வரைக்கும் வேலை. அப்போல்லாம் கம்பெனியிலயே கம்ப்யூட்டர் ரூமுக்கு மட்டும்தான் ஏசி. செருப்ப வெளிய கழட்டிட்டுதான் உள்ள போகணும். மாசமா இருக்கிற பொண்ணுங்க எல்லாம் சாப்பாட்டு நேரத்துல எங்க ரூம்லதான் வந்து சாஞ்சிருப்பாங்க. மேனேஜர் ஒருநாள் எட்டிப் பாத்துட்டு, "இது கம்ப்யூட்டர் ரூமா, பிரசவ வார்டா?"ன்னு கேட்டுட்டு, அவரும் செருப்பக் கழட்டிட்டு வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போனாரு. சரி, அத விடுங்க. பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் எதுக்கு இந்த ஸ்க்ரூடிரைவர்னு கேக்குறவங்க நிறைய. நான் பதில் சொல்றதில்ல. பழைய மெஷினுக்குப் பழைய விண்டோஸ்தான் வேணும்னு அடம் பிடிக்கிற தொழில்காரங்க இந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் எனக்கு வேலை இருக்கு. அப்படி வந்த ஒரு வேலையோட கதைதான் இது.

மடியில வந்த பொட்டி

ரேவதி ஆவடியில காது மெஷின் சென்டர் வெச்சிருக்கா. காது கேக்காதவங்களுக்கு டெஸ்ட் பண்ணி, மெஷின் மாட்டி, அவங்கவங்க காதுக்கு ஏத்த மாதிரி ட்யூன் பண்ணிக் குடுக்கிறது அவ வேலை. ஒருநாள் காலையில பழைய சிபியு ஒண்ண மடியில வெச்சுட்டு ஆட்டோவுல வந்து இறங்கினா. கூடவே என் வயசுல ஒரு அம்மா. யாருன்னு பாத்தா நம்ம கன்னிம்மா. ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ எதிர்ல டிபன் கடை வெச்சிருக்கிறவங்க. எங்க வீட்டுக்காரர் அந்த டிப்போவுல டிரைவரா இருந்தவரு. எங்கிட்ட சாப்பிட்டதவிட அவங்க கடையிலதான் அதிகம் சாப்பிட்டிருப்பாரு. அந்தக் கடையில ஆர்டர எழுதிக்கிற வழக்கமே கிடையாது. பத்து பேர் ஒரே நேரத்துல கத்துவாங்க, கன்னிம்மா காதுல வாங்கி கையில போடுவாங்க. அதுதான் கடை.

விஷயம் என்னன்னா, இந்த வருஷம் கன்னிம்மாவுக்கு காது இன்னும் மந்தமாயிடுச்சு. மெஷின மறுபடியும் ட்யூன் பண்ணினா சரியாகும்னு ரேவதி சொல்றா. ஆனா அவங்க போட்டிருக்கிறது பழைய மாடல். அத செஞ்சவங்க எப்பவோ நிறுத்திட்டாங்க. அத ட்யூன் பண்ற புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பியில மட்டும்தான் ஓடும். அந்த எக்ஸ்பி இருந்த கம்ப்யூட்டர்தான் இப்போ ரேவதி மடியில. புது மாடல் வாங்கலாம்னா, அந்த விலைக்கு கன்னிம்மா ஒரு வண்டியே வாங்கிடலாம். இதுக்கு நடுவுல பையன் பாபு வேற, "கேக்கவும் மாட்டேங்குது, தோசை கேட்டா வடை வெக்கிற, வர்ற மாசத்தோட கடைய மூடிடு"ன்னு சொல்லிட்டானாம். மொபைல் கவர் விக்கிற ஒருத்தன் அந்த இடத்துக்குக் கேட்டுட்டு வேற இருக்கான். நான் கன்னிம்மா பக்கம் குனிஞ்சு, "இப்போ சுத்தமாவே கேக்கலியா?"ன்னு கத்திக் கேட்டேன். அவங்க என் வாயையே பாத்துட்டு மெதுவா சொன்னாங்க. "சத்தம் வருதுக்கா, பேச்சுதான் வர்ல. வெறும் சத்தத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

வெளிய வீட்டு ஓனர், உள்ள குடித்தனம்

பொட்டியத் தொறந்தா, மதர்போர்டுல கெப்பாசிட்டரெல்லாம் பூரி மாதிரி உப்பியிருக்கு. அது அவ்வளவுதான். ஆனா ஹார்ட் டிஸ்க் நல்லா இருந்துச்சு. "உடம்பு போச்சு, உசுரு இருக்கு. அத எடுத்து வேற பொட்டிக்குள்ள குடி வெச்சிடலாம்"னு சொன்னேன். ரேவதி முழிச்சா. எங்க வீட்டுக்காரர் அப்போதான் எனக்கு சாப்பாடு கொண்டு வந்திருந்தாரு, அவரும் முழிச்சாரு. விர்ச்சுவல் மெஷின்னு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர். புது கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ்னு வேற சிஸ்டம் போடுவோம், அது வீட்டு ஓனர். அதுக்குள்ள ஒரு போர்ஷன் தடுத்து, ரேவதியோட பழைய விண்டோஸ அதுல குடித்தனம் வெப்போம். தான் தனி வீட்டுல இருக்கிறதாவே அது நெனச்சுக்கும்.

இதுவரைக்கும் சுலபம். ஆனா காது மெஷின ட்யூன் பண்ண, நடுவுல ஒரு சின்னப் பொட்டி இருக்கு. கம்ப்யூட்டருக்குப் பின்னாடி அந்தக் கால ஒம்போது பின் ஓட்டையிலதான் அத சொருகணும். புது கம்ப்யூட்டர்ல அந்த ஓட்டையே கிடையாது. யூஎஸ்பியில மாட்டுற கன்வெர்ட்டர் போட்டுப் பாத்தேன். கனெக்ட் ஆகுது, பாதியில அறுந்துபோகுது, மறுபடியும் ஆகுது, மறுபடியும் அறுந்துபோகுது. ரேவதி பயந்துட்டா. "கோகிலாம்மா, எழுதுறப்போ பாதியில கட் ஆச்சுன்னா பழைய ட்யூனும் போயிடும், புதுசும் ஏறாது. மெஷின் அப்படியே ஊமையாயிடும்"னா. உள்ள இருக்கிறவரு கேக்குற ஒவ்வொண்ணையும் வீட்டு ஓனர் கை மாத்தி மாத்திக் குடுத்தா அப்படித்தான் ஆகும்.

எங்க வீட்டு பின்போர்ஷன்லயும் முன்னாடி இதே கூத்துதான். ஒரே மீட்டர். அவங்க அயர்ன் பாக்ஸ் போட்டா நான் கேப்பேன், நான் மோட்டார் போட்டா அவங்க கேப்பாங்க. கடைசியில தனி மீட்டர் வாங்கிக் குடுத்துட்டோம். அன்னையிலேர்ந்து அவங்க விடிய விடிய அயர்ன் பண்ணாலும் நான் வாயத் தொறக்க முடியாது. கம்ப்யூட்டர்ல இதுக்குப் பேரு பாஸ்த்ரூ. ஒம்போது பின் ஓட்டை இருக்கிற ஒரு கார்டு வாங்கி மாட்டி, அத நேரா உள்ள இருக்கிற விண்டோஸ் கையிலயே குடுத்துடணும். குடுத்துட்டா குடுத்ததுதான், லினக்ஸ் அது பக்கமே திரும்பக் கூடாது. இதையெல்லாம் நான் விளக்கி முடிச்சதும் எங்க வீட்டுக்காரர் டிபன் கேரியர மூடிட்டு சொன்னாரு. "பஸ்ல எத்தன பேரு வேணா ஏறலாம், ஸ்டீயரிங் மட்டும் ஒருத்தன் கையிலதான், மத்தவன் கையக் கட்டிட்டு உக்காரணும். இத சொல்றதுக்கா இவ்ளோ நேரம்?"

எல்லாம் ஓடுது, எதுவும் தெரியல

எல்லாக் கம்ப்யூட்டரும் இப்படி ஒரு சாமான உள்ள தூக்கிக் குடுத்துடாது. அதுக்கு ஏத்த போர்டு வேணும். எங்க கிடைக்கும்னு யோசிச்சிட்டு இருந்தப்போ என் கஸ்டமர் சங்கர் போன் பண்ணினான். திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து வந்து, ஐயப்பன்தாங்கல்ல ஃபிளாட் வாங்கி, ஐடியில வேலை பாக்குறான். தங்கமான பையன், ஆனா யூடியூப்ல எதைப் பாத்தாலும் அன்னைக்கே செஞ்சு பாக்கணும். "ஆன்ட்டி, ஸ்கிரீன் கறுப்பாயிருச்சு"ன்னான். போனேன். லினக்ஸ் வெச்சிருக்கான், அதுக்குள்ள கேம் விளையாட ஒரு விண்டோஸ். கேம் நல்லா ஓடணும்னா கிராஃபிக்ஸ் கார்ட உள்ள குடுக்கணும், குடுத்துட்டான். இருந்ததே ஒரு கார்டுதான். அதையும் குடுத்த பின்னாடி லினக்ஸுக்குப் படம் காட்ட வழியே இல்ல. உள்ள விண்டோஸ் பாதியில நின்னுபோயிருக்கு, அதுவும் எதையும் காட்டல. ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மனுஷன் மட்டும் கறுப்பு ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து கும்புட்டுட்டு இருக்கான்.

உங்கள்ல யாராவது இத செஞ்சிருந்தீங்கன்னா வெக்கப்படாதீங்க. இந்த வேலைக்கு வர்ற எல்லாரும் ஒரு தடவையாவது இருக்கிற ஒரே கார்டத் தூக்கிக் குடுத்திருப்பாங்க. என் லேப்டாப்லேர்ந்து நெட்வொர்க் வழியா அவன் லினக்ஸுக்குள்ள போய், குடுத்தத திருப்பி வாங்கினேன். படம் வந்துச்சு. ஆனா சங்கருக்கு அந்த மெஷின் மேலயே வெறுப்பு வந்துடுச்சு. வேற வாங்கிக்கப்போறேன், இத நீங்களே எடுத்துக்கோங்கன்னான். ரேவதிக்கு இதவிட பொருத்தமான போர்டு தேடினாலும் கிடைக்காது. விலை பேசி, ஆட்டோ சொல்லி, வயரெல்லாம் சுத்திட்டு இருந்தேன். சங்கர் பொண்டாட்டி கையில குழந்தையோட, அடுப்புல பாலோட, கதவுகிட்ட நின்னு எல்லாத்தையும் பாத்துட்டே இருந்தா. "அப்போ இவ்வளவு நேரமும் உள்ள எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சா ஆன்ட்டி?"ன்னு கேட்டா. ஆமாம்மா, பாக்குறதுக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னேன். அவ புருஷனைப் பாத்துக்கிட்டே சொன்னா. "எங்க வீட்லயும் அப்படித்தான் ஆன்ட்டி, எல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, இவருக்குத்தான் ஒண்ணும் தெரியறதில்ல."

கூடவே வந்த கொழுந்தன்

சங்கர் மெஷின கடைக்குக் கொண்டு வந்து, பழைய சாமான் கடையில கிடைச்ச ஒம்போது பின் கார்ட மாட்டினேன். இங்க ஒரு சங்கதி இருக்கு. போர்டுல சாமானுங்கள கும்பல் கும்பலா கட்டி வெச்சிருப்பாங்க. ஒரு கும்பல்ல ஒண்ண உள்ள குடுக்கணும்னா, அந்தக் கும்பல் மொத்தத்தையும் குடுக்கணும். என் நாத்தனார் பொண்ணுக்குக் கல்யாணம் பேசுறப்போ தனிக்குடித்தனம்னு சொல்லித்தான் முடிச்சாங்க. பால் காய்ச்சுற அன்னைக்குப் பாத்தா, மாப்பிள்ளையோட தம்பி சூட்கேஸோட வாசல்ல நிக்கிறான். "அண்ணன் எங்கயோ நானும் அங்க"ன்னான். இன்னிக்கு வரைக்கும் அங்கதான் இருக்கான். பாவம், நல்ல பையன்தான், சிலிண்டர் மாத்துறது, குழாய் ரிப்பேர் எல்லாம் அவன்தான். ஆனா சொல்லிட்டு வந்திருக்கலாம்ல.

என் கார்டுக்கும் ஒரு கொழுந்தன் இருந்தான். அதே கும்பல்லதான் கீபோர்டும் மவுசும் சொருகுற யூஎஸ்பி இருந்துச்சு. நான் சரியாப் பாக்காம மொத்தத்தையும் உள்ள தூக்கிக் குடுத்துட்டு, கம்ப்யூட்டர் ஆன் ஆனதுமே விண்டோஸும் தானா கிளம்புற மாதிரி வேற செட் பண்ணிட்டேன். ஆன் பண்ணினேன். லினக்ஸ் பாஸ்வேர்டு கேக்குது. கீபோர்டுல அடிக்கிறேன், ஒரு எழுத்தும் விழல. கீபோர்டுதான் உள்ள போயிடுச்சே. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடியும் அதே கதை, நான் கை வெக்கிறதுக்குள்ள விண்டோஸ் புடுங்கிக்குது. கடைசியில கரன்ட்ட புடுங்கிட்டு, கார்டக் கழட்டி, வேற ஸ்லாட்ல மாட்டினேன். அங்க அது ஒண்டிக்கட்டையா இருந்துச்சு, பிரச்சினை தீந்துச்சு.

இவ்வளவையும் வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருந்தாரு ராஜேந்திரன். முத்தாபுதுப்பேட்டைக்காரர், பரம்பரையா விவசாயம், இப்போ நெலம் வாங்கி விக்கிற ஆபீஸ் வெச்சிருக்காரு. ரிப்பேருக்குக் குடுத்திருந்த பிரின்டர வாங்கிட்டுப் போக வந்தவரு. நான் வேர்த்து விறுவிறுத்து நிமிந்தப்போ சொன்னாரு. "இன்னாம்மா இது, ஊட்டு சாவிய குடித்தனக்காரன் கைல குடுத்துட்டு தெருவுல நிக்கிறீங்க. இந்த மாதிரி கேஸெல்லாம் எங்க ஆபீஸுக்குத்தான் வரும்."

இல்லாதவரோட மெஷின்

எல்லாம் சேத்தாச்சு. ஆனா கன்னிம்மா மெஷின எடுத்த உடனே அதுல மாட்டிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. பாதியில அறுந்துச்சுன்னா, இப்போ வர்ற சத்தமும் போயிடும். அப்புறம் பாபு சொல்றதுக்கு மேல பேச்சே கிடையாது. ரேவதி பையிலேர்ந்து ஒரு சின்ன டப்பாவ எடுத்தா. உள்ள அதே மாடல்ல ஒரு காது மெஷின். அவளோட பழைய கஸ்டமர் ஒருத்தரோடது. அம்பத்தூர் எஸ்டேட்ல ஃபிட்டரா இருந்தவரு, தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் பக்கத்துலயே நின்னு நின்னு காது போனவரு. அவரு தவறின அப்புறம் வீட்டுல, யாருக்காவது உதவட்டும்னு ரேவதிகிட்ட குடுத்திருக்காங்க. நான் அந்த எஸ்டேட்லயே இருந்தவ, அந்த பிரஸ் சத்தம் எனக்குத் தெரியும். எங்க ஏசி ரூம்ல கதவ மூடினாலும் தரை அதிரும். நாங்க அத சத்தம்னுகூட நெனைக்கல, ஷிஃப்ட் ஓடுதுன்னு நெனச்சோம். அதுல எத்தன பேரு காது போச்சுன்னு இப்போ ரேவதி சொல்லித்தான் தெரியுது.

ரேவதி உள்ள விண்டோஸ கிளப்பி, புரோகிராமத் தொறந்து, அந்த மெஷின்ல வயர மாட்டினா. அந்த சின்னப் பொட்டியில லைட் ஒரு தடவை மினுக்குச்சு, ரெண்டு தடவை மினுக்குச்சு, அப்புறம் அப்படியே நின்னு எரிஞ்சுது. ஸ்கிரீன்ல ஒரு கோடு, எந்த சத்தத்த எவ்வளவு பெருசாக்கிக் குடுக்கணும்னு காட்டுறது. அந்த மெஷின்ல கடைசியா அவருக்காக வெச்ச ட்யூன். கோடு நல்லா ஏறிப் போய், ஒரு இடத்துல மட்டும் திடீர்னு பள்ளமா இறங்கி மறுபடியும் ஏறுது. "இது என்னம்மா, பழுதா?"ன்னு கேட்டேன். ரேவதி சிரிச்சா. "அது அவரு வீட்டு மிக்ஸி. சட்னி அரைக்கிற சத்தம் மட்டும் ஆகவே ஆகாது அவருக்கு. வந்து வந்து அந்த ஒரு இடத்த மட்டும் கொறைக்கச் சொல்லுவாரு"ன்னா. ஒரு மனுஷன் போயிட்டான், அவனுக்குப் பிடிக்காத மிக்ஸி சத்தம் மட்டும் அந்த பட்டாணி சைஸ் மெஷினுக்குள்ள அப்படியே இருக்கு.

ரேவதி கோட்ட ஏத்தி எழுதினா, இறக்கி எழுதினா, ஒரு தடவைகூட அறுந்துபோகல. எல்லாம் முடிஞ்சதும் அவரோட ட்யூனயே திருப்பி எழுதி வெச்சா. வேற யாருக்கோ குடுக்கப்போறது, இத எதுக்கும்மா திரும்ப வெக்கிறன்னு நான் கேக்கல. டப்பாவ மூடிக்கிட்டே அவளா சொன்னா. "அவரு உசுரோட இருந்தப்போ ஒருநாளும் இது ஒரே தடவையில கனெக்ட் ஆனதில்ல கோகிலாம்மா, ரெண்டு பேரும் உக்காந்து சண்டை போட்டுட்டு இருப்போம்."

ஆவடியில அமைதியா ஒரு ரூம்

மறுநாளே கம்ப்யூட்டர ஆவடிக்குக் கொண்டு போய் வெச்சாச்சு. ரேவதி ரூமுக்குள்ள போனா நமக்கே நம்ம மூச்சு கேக்கும். சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டி, கதவுக்கு ரப்பர் போட்டு, அப்படி ஒரு ரூம். கன்னிம்மாவ உள்ள உக்கார வெச்சு, ஒவ்வொரு சத்தமா விட்டு, கோட்ட ஏத்தி இறக்கி, பொறுமையா ட்யூன் பண்ணினா. நான் வெளிய நின்னு என் பங்குக்கு எல்லா சாமிக்கும் வேண்டிக்கிட்டேன். எழுதி முடிச்சதும், என்னையும் உள்ள கூப்பிட்டுட்டு, ரேவதி அவங்க முதுகுப் பக்கம் போய் நின்னு, சாதாரணமா பேசுற குரல்ல, "இன்னிக்கு என்ன சட்னி?"ன்னு கேட்டா. கன்னிம்மா திரும்பாமலே, "தேங்கா சட்னி, கார சட்னி, புதினா தீந்துபோச்சு"ன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு, கம்ப்யூட்டர் எப்படி ஓடுதுன்னு பாக்க நான் ஆவடிக்குப் போயிருந்தப்போ, மறுபடியும் ஆட்டோவுல வந்து இறங்கினாங்க கன்னிம்மா. முகமே சரியில்ல. கடையில ஒண்ணும் கேக்கலியாம். பஸ்ஸு உறுமுறதும், ஹாரனும், கண்டக்டர் விசிலும்தான் முன்னவிட பெருசா கேக்குதாம். பேச்சு அதுக்குள்ள முங்கிப்போகுதாம். நேத்து யாருக்கோ பொங்கலுக்கு பதிலா பூரி போயிருக்கு, பாபு கடைக்கு வெளியவே நின்னு பாத்துட்டு, அப்படியே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டானாம். ரேவதிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "இங்க நல்லா கேட்டுச்சே கன்னிம்மா"ன்னு கேட்டா. அவங்க அந்த ஸ்பாஞ்ச் சுவர ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு சொன்னாங்க. "உன் ரூம்ல ஜோரா கேக்குது கண்ணு. ஆனா உன் ரூம்ல எவன் இட்லி துன்றான்?"

டிப்போ எதிர்ல

அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். எங்க இட்லி திங்கறாங்களோ அங்க போய்த்தான் ட்யூன் பண்ணணும். லேப்டாப்னா பையில போட்டுட்டுப் போகலாம். நமக்கு சிபியு, மானிட்டர், வயரு, சின்னப் பொட்டின்னு ஒரு குடித்தனமே கிளம்பணும். எங்க வீட்டுக்காரர் மானிட்டர மடியில வெச்சுக்கிட்டாரு. பக்கத்து ஜெராக்ஸ் கடையிலேர்ந்து கரன்ட் இழுத்து, கன்னிம்மா கடையில அரிசி மூட்டை மேல கம்ப்யூட்டர வெச்சோம். ரேவதி ஸ்டூல்ல உக்காந்தா. கன்னிம்மா வழக்கம் போல அடுப்புகிட்ட. காதுலேர்ந்து வயரு தொங்குது, கையில கரண்டி. சாப்பிட வந்த டிரைவர் ஒருத்தர், "இன்னா ஆயா, காதுக்கு சார்ஜ் போட்டுகினு கீற?"ன்னாரு. இன்னொருத்தர், "ஃபுல்லானதும் கழட்டிடு, இல்லன்னா சூடாயிடும்"னாரு. பின்னாடி பஸ் ஒண்ணு உறுமிட்டு நிக்குது. ரேவதி கோட்டுல உறுமல் இருக்கிற பக்கத்த இறக்கினா, பேச்சு இருக்கிற பக்கத்த ஏத்தினா. "இப்போ?"ன்னா. "கொஞ்சம் ஏத்து. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கயே வெய்யி"ன்னு சொல்லிக்கிட்டே கன்னிம்மா ரெண்டு பொங்கல், ஒரு வடைன்னு கேட்டத கேட்டபடி எடுத்து வெச்சாங்க. எழுதுற நேரம் வந்துச்சு. ஜெராக்ஸ் கடையிலேர்ந்து வந்த பிளக் கழண்டுடாம நான் கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் வயருக்குக் காவலா நின்னு, "ஒருத்தரும் இந்தப் பக்கம் கால் வெக்காதீங்கப்பா"ன்னாரு. தட்டு கையில வெச்சிருந்தவங்ககூட மெல்றத நிறுத்திட்டாங்க. லைட் நின்னு எரிஞ்சுது. ரேவதி வயரக் கழட்டிட்டா.

அப்போதான் பாபு வந்தான். தண்ணி டிரம் பக்கத்துல வண்டிய நிறுத்திட்டு, எங்களை யாருன்னு கூட பாக்காம, போன்ல பேச ஆரம்பிச்சான். அம்மாவுக்குக் கேக்காதுன்னு பழகிப்போன குரல். "ஆமாண்ணே, வர்ற மாசம் காலியாயிடும். நீங்க கவர் மாட்டுற ரேக்குக்கு அளவு எடுத்துக்கோங்க." கன்னிம்மா தோசையத் திருப்பிப் போட்டாங்க. திரும்பிப் பாக்கல. "அளவு எடுக்க வர்றவன் கைல சொல்லு, பசியோட வரச்சொல்லு. இங்க இட்லிதான் கீது, ரேக்கு வெக்க எடம் இல்ல"ன்னாங்க. பாபு போனைக் காதுலேர்ந்து எடுத்துட்டான். அங்க சாப்பிட்டுட்டு இருந்த எல்லாரும் தட்டப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டாங்க.

நான் அவன் சத்தம் போடுவான்னு நெனச்சேன். அவன் கிட்ட வந்து, குரலத் தாழ்த்தி, "எம்மா, நான் இன்னா உன்ன துரத்தவா பாத்தேன்? நீ தப்பு தப்பா எடுத்து வெக்கிற, அவனுங்க உனக்குப் பின்னாடி சிரிக்கிறானுங்க. டெய்லியும் சிரிக்கிறானுங்க. அத பாத்துகினு நான் எப்டிம்மா கீறது?"ன்னான். அவ்வளவு மெதுவா அவன் அம்மாகிட்ட பேசி எத்தன நாளாச்சோ. கன்னிம்மா கரண்டிய வெச்சுட்டு, முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டு, அவன் கன்னத்த ஒரு தடவை தட்டினாங்க. "எனக்கு ஒருநாளும் கேக்கல நைனா, உனக்குத்தான் கேட்டுகினு இருந்துச்சு. இனிமே எனக்கே கேக்கும், எவன் சிரிக்கிறான்னு நான் பாத்துக்கிறேன். நீ போய் ரெண்டு தேங்கா வாங்கிகினு வா, சட்னி தீந்துபோச்சு."

அந்த வேலையில நான் தொட்டது ஒம்போது பின் உள்ள ஒரு ஓட்டைய மட்டும்தான், ஆனா இப்போ டிப்போ பக்கம் இட்லி திங்கப் போனா, யாராவது ரெண்டு பேரு வந்து என் முன்னாடி தலையச் சாச்சு, காதுக்குள்ள என்னன்னு பாக்கச் சொல்றாங்க.